விழுவதும் இழுப்பதும்: காச்சா விளையாட்டுக் குழூஉக்குறிகளும் தமிழின் குலுக்கல் சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

பணம் செலுத்திக் குலுக்கல் முறையில் கதைமாந்தர்களையும் கருவிகளையும் பெறும் கைப்பேசி, கணினி விளையாட்டுகள் 'காச்சா' எனப்படுகின்றன. இவற்றை ஆடுவோரிடையே ஒரு தனிச் சொற்கோவை உருவாகியுள்ளது. மரபிலக்கணம் கூறும் குழூஉக்குறி, குழுவுக்கு வெளியே நிற்பவரிடமிருந்து பொருளை மறைப்பது. காச்சாச் சொற்களிற் பலவோ பேசுவோரிடமிருந்தே பொருளை மறைக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆங்கில, ஜப்பானிய, சீன வழக்குகளை ஒப்பிட்டும், ஆட்டையாம்பட்டியை உள்ளிட்ட சேலம், நாமக்கல் சமவெளியில் வழங்கும் ஆட்டச் சொற்களையும் குடவோலை முதல் பரிசுச்சீட்டு வரையிலான தமிழ்க் குலுக்கல் சொற்களையும் அவற்றோடு இணைத்து நோக்கியும் இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குழூஉக்குறி, காச்சா, குலுக்கல், ஆட்டை, தாயம், மங்காத்தா, குடவோலை, சொல்லாக்கம்

முன்னுரை

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு வழிவழியாகக் காட்டப்படும் சான்று. கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு விளங்காமல் தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்ள அச்சொல் பயன்பட்டது. பேசுவோர் இருவருக்கும் 'பறி' என்றால் என்ன என்பது ஐயமின்றித் தெரியும். மறைப்பு வெளியாருக்கே உரியது.

இன்றைய இணையவழி விளையாட்டாளர் குழுக்களிலும் குழூஉக்குறிகள் பெருகியுள்ளன. 'புல்', 'ரோல்', 'பேனர்', 'பிட்டி', 'ஃபிஃப்டி ஃபிஃப்டி', 'வேல்', 'ரீரோல்' முதலியன தமிழ் இளைஞர் பேச்சிலும் 'பண்ணு', 'போடு', 'ஆகு' என்னும் துணைவினைகளோடு சேர்ந்து வழங்குகின்றன. இவற்றைப் பிறமொழிக் கலப்பு என்று குறைகூறி ஒதுக்குவதும், இளையோர் மொழியின் படைப்பாற்றல் என்று பாராட்டி நிறுத்துவதும் எளிது. இவ்விரண்டும் இச்சொற்கள் செய்யும் வேலையைக் காட்டுவதில்லை. ஒரு விற்பனை முறையின் உறுப்புகளுக்கு இடப்பட்ட பெயர்கள் இவை. அப்பெயர்கள் அந்த விற்பனையை விளக்குகின்றனவா, மூடுகின்றனவா என்பதே திறனாய்வுக்குரிய வினா.

காச்சா: பெயரும் முறையும்

'காச்சா' என்பது ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொல். நாணயமிட்டுக் கைப்பிடியைத் திருகும்போது எழும் ஒலி 'காச்சா'; பொம்மை அடங்கிய உருண்டை கீழே வந்து விழும் ஒலி 'போன்'. 1960களில் ஜப்பானிற் பரவிய இவ்வகைப் பொம்மை இயந்திரங்களுக்கு இவ்விரண்டு ஒலிகளும் சேர்ந்தே பெயராயின. உள்ளே எப்பொம்மை உள்ளது என்பது திறந்து பார்க்கும்வரை தெரியாது. இம்முறை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைப்பேசி விளையாட்டுகளுக்குள் புகுந்தது. அங்கே பெயரின் பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் நிலைத்தது. விழும் ஒலி போய்த் திருகும் ஒலி மட்டும் எஞ்சியது, இம்முறையின் இயல்புக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. குறில் முதலாகக் 'கச்சா' என்று எழுதினால், 'கச்சா எண்ணெய்' என்பதிற்போலப் பக்குவப்படாதது என்னும் பொருள் தமிழில் முந்திக்கொள்ளும். ஆதலின் இங்கு நெடில் வடிவம் கையாளப்படுகிறது.

இயந்திரத்துக்கும் திரைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பொம்மை இயந்திரத்தில் உள்ள உருண்டைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒன்று வெளியே வந்தால் உள்ளே ஒன்று குறைகிறது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் தொங்கிய பரிசு அட்டையும் இத்தகையதே. சிறுவர் சில்லறை கொடுத்து அட்டையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்தனர். எத்தனை சீட்டுகள் மிச்சம், எந்தப் பெரிய பரிசு இன்னும் எவருக்கும் போகவில்லை என்பவை கண்ணுக்குத் தெரிந்தன. கிழிபட்ட ஒவ்வொரு வெற்றுச் சீட்டும் அடுத்தவரின் வாய்ப்பைச் சிறிது கூட்டியது. திரையிலுள்ள குலுக்கலில் பொதுவாகச் சீட்டு தீர்வதில்லை. எடுத்த சீட்டு உடனே பெட்டிக்குள் திரும்பிவிடுவதைப் போன்ற கணக்கு அது. ஆயிரம் பேர் தோற்றபின்னும் அடுத்தவரின் வாய்ப்பு அணுவளவும் ஏறுவதில்லை.

ஜப்பானில் 'முழுமைக் காச்சா' என்னும் வகை 2012 மே மாதத்தில் அந்நாட்டு நுகர்வோர் முகமையின் தலையீட்டால் நின்றுபோனதற்கும் இத்தகைய கணக்கே காரணம். குலுக்கலில் கிடைக்கும் ஒரு தொகுப்பின் எல்லா உறுப்புகளையும் சேர்த்தவருக்கே பெரும்பரிசு என்பது அதன் விதி. சமவாய்ப்புள்ள பத்துப் பொருள்களில் ஒன்பதைச் சேர்க்கச் சராசரியாக 19 முறைக்குச் சற்று மேல் குலுக்க வேண்டும். எஞ்சிய ஒன்றுக்கு மட்டும் சராசரியாக மேலும் 10 முறை வேண்டும். ஒன்பதைச் சேர்த்தவர் முக்காற்பங்குக்கு மேல் வந்துவிட்டதாக எண்ணுகிறார். உண்மையில் வழியில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒரே விதி, மூன்று பெயர்கள்

காச்சாச் சொற்களில் மிகுதியும் வழங்குவது 'பிட்டி'. ஆங்கிலத்தில் இரக்கம் என்று பொருள்படும் இச்சொல், குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்றவருக்கு அரிய பொருளை உறுதியாகக் கொடுத்துவிடும் விதியைக் குறிக்கிறது. 2020 செப்டம்பர் 28 அன்று வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கதைமாந்தர் குலுக்கலில் ஐந்து விண்மீன் தரத்தவர் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 89 முறை கிடைக்காவிடில் 90ஆம் முறை கட்டாயம் கிடைக்கும். கிடைப்பவர் அப்போது விளம்பரப்படுத்தப்படும் மாந்தராக இருக்கும் வாய்ப்பு, வெளியானபோது இருந்த விதிப்படி, சரிபாதி. அதிலும் தவறினால் அடுத்த ஐந்து விண்மீன் உறுதியாக அவரே. ஆகவே விரும்பிய ஒருவரைப் பெற மிகுதியாக வேண்டுவது 180 முறை. ஒருமுறைக்கு 160 மணிக்கற்கள் வீதம் 28,800 மணிக்கற்கள்.

இந்த 90 என்னும் எண்ணை ஆங்கில வழக்கு 'இரக்கம்' என்கிறது. ஜப்பானிய வழக்கு 'தென்ஜோ' என்கிறது. அதற்குக் கூரையின் உட்புறம், மேல்முகடு என்று பொருள். சீன வழக்கு 'பாவோதி' என்கிறது. அடித்தள உறுதி என்பது அதன் பொருள். ஒரே விதியை ஒருமொழி கருணையாகவும், ஒருமொழி செலவின் மேலெல்லையாகவும், ஒருமொழி பண்டத்தின் கீழெல்லையாகவும் பார்க்கிறது. ஜப்பானியச் சொல் விலையைப் பற்றிப் பேசுகிறது. இதற்குமேல் பணம் போகாது என்கிறது. சீனச் சொல் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. இதற்குக் குறைந்து தரமாட்டார்கள் என்கிறது. ஆங்கிலச் சொல் மட்டுமே விற்பனையாளரின் மனநிலையைப் பற்றிப் பேசுகிறது. அம்மனநிலையோ அங்கு இல்லாதது. 90ஆம் முறையில் கிடைப்பது இரக்கத்தாற் கிடைப்பதன்று; 90 முறைக்குரிய விலை பெறப்பட்டதாற் கிடைப்பது.

கணக்கு இதைத் தெளிவாக்கும். இவ்விதியே இல்லாமல் 0.6 விழுக்காடு மட்டும் இருந்தால், 90 முறை முயன்ற 100 பேரில் ஏறத்தாழ 58 பேர் வெறுங்கையோடு நிற்பர். அப்படி நிற்பவர் மறுநாள் திரும்பி வருவது அரிது. எனவே 'இரக்கம்' எனப்படும் விதி ஆட்டக்காரரைக் காப்பது போலவே விற்பனையையும் காக்கிறது. 'எழுபதில் நிற்கிறேன்' என்று கூறும் ஆட்டக்காரர், தாம் இழந்த எழுபதைச் சேமிப்பாகக் கருதத் தொடங்குகிறார். இழப்பைச் சேமிப்பாக மாற்றுவதே அச்சொல்லின் வல்லமை.

ஆயினும் குழூஉக்குறிகள் அனைத்தும் மறைப்பவை என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. 'மென்பிட்டி' என்று கூறத்தக்க ஒரு சொல் ஆட்டக்காரரிடையே வழங்குகிறது. ஏறத்தாழ 74ஆம் முறையிலிருந்து வாய்ப்பு கூர்மையாக ஏறுகிறது என்பதை அது குறிக்கிறது. நிறுவனம் தன் விளக்கத்தில் இதனைக் கூறவில்லை. ஆட்டக்காரர் தம் குலுக்கல் முடிவுகளைத் திரட்டி, கூட்டாகக் கணக்கிட்டுக் கண்டறிந்தனர். 0.6 விழுக்காட்டின்படி பார்த்தால் முதல் 73 முறைகளில் எதுவும் பெறாதோர் 100க்கு 64 பேர். இவர்கள் பெரும்பாலும் 90ஐ எட்டுமுன்னரே பெற்றுவிடுவதை விளக்கவே அச்சொல் தோன்றியது. இது விற்பவர் சொல்லாததை வாங்குவோர் கண்டு பெயரிட்ட சொல். பொற்கொல்லரின் 'பறி' போலப் பேசுவோருக்குப் பொருள் தெளிந்த சொல். ஆகவே காச்சாச் சொற்களைக் கணக்குச் சொற்கள், ஆறுதற் சொற்கள், தரவரிசைச் சொற்கள் என மூவகைப்படுத்தலாம். முதல்வகை அறிவைத் தருகிறது. மறைப்பு பின்னிரு வகைகளிலேயே மிகுதி.

ஆறுதலும் தரவரிசையும்

விரும்பியது கிடைக்காமற் பெருந்தொகை இழப்பதை ஜப்பானிய ஆட்டக்காரர் 'பகுஷி', அதாவது வெடித்துச் சாதல், என்பர். விட்டு வெளியேற முடியாத நிலை 'நுமா', சேற்றுநிலம். எதிர்பாராத வேறொரு மாந்தர் கிடைப்பதைச் சீனர் 'கோணிவிட்டது' என்னும் சொல்லாற் குறிப்பர். நல்வாய்ப்புடையவரை 'ஐரோப்பியப் பேரரசர்' என்றும், வாய்ப்பில்லாதவரை 'ஆப்பிரிக்கத் தலைவர்' என்றும் கூறும் சீன வழக்கும் உண்டு. விளையாட்டுச் சிரிப்பு எவ்வளவு எளிதாக நிறவெறிப் படிமத்தைக் கடன்வாங்குகிறது என்பதற்கு அது சான்று. இச்சொற்களில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உள்ளது. இழப்பு ஆட்டக்காரரின் உடலில், நிறத்தில், ஊழில் நிகழ்கிறது. இழப்பு விகிதத்தை எழுதியவர் எங்கும் தோன்றுவதில்லை.

தமிழும் இதற்கு விலக்கன்று. 'கைராசி', 'முகராசி', 'மச்சம்', 'யோகம்' முதலிய சொற்கள் வாய்ப்பை ஆளின் உடலுக்கும் பிறப்புக்கும் உரியதாக்குகின்றன. ராசியான கை உடையவரைக் கொண்டு சீட்டெடுக்கச் செய்யும் பழக்கம், திரையைத் தொடுவதற்குத் தம்பியையோ தங்கையையோ அழைக்கும் பழக்கமாக எளிதில் மாறக்கூடியது.

தரவரிசைச் சொற்களில் முதன்மையானது 'வேல்', திமிங்கிலம். பெரும்பணம் வைத்து ஆடுவோரைக் குறிக்கச் சூதாட்ட விடுதிகள் பயன்படுத்திய சொல் இது. அதனடியாக நடுத்தரச் செலவாளி 'ஓங்கில்' எனவும், சிறுசெலவாளி 'சிறுமீன்' எனவும் ஆயினர். திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய 'சூது' முதற்குறளிலேயே சூதில் வரும் வெற்றியைத் தூண்டிற்பொன்னாகவும், வென்றவனை அதனை விழுங்கிய மீனாகவும் உவமிக்கிறது. இரண்டு வழக்குகளும் ஆட்டக்காரரை நீர்வாழ் உயிராக்குகின்றன. வேறுபாடு நுட்பமானது. குறளின் படிமத்தில் தூண்டில் இருக்கிறது. தூண்டில் இருப்பதால் அதைப் பிடித்திருக்கும் கையும் உய்த்துணரப்படுகிறது. இன்றைய வழக்கில் மீனின் அளவு மட்டுமே இருக்கிறது. தூண்டிலைக் குறிக்கும் சொல் அச்சொற்கோவையில் இல்லை. எவ்வளவு பெரிய மீன் என்பது பெருமைக்கோ ஏளனத்துக்கோ உரிய செய்தியாகிறது. ஏன் மீன் என்னும் வினா எழுவதில்லை.

ஆட்டையாம்பட்டி வட்டாரத்து ஆட்டச் சொற்கள்

சேலம் மாவட்டத்துப் பேரூராகிய ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பெயர்பெற்றது. அதனைச் சூழ்ந்து ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என விரியும் சமவெளியில் விசைத்தறி, ஆழ்துளைக் கிணற்று வண்டி, சரக்குந்து, கோழிப்பண்ணை ஆகியன வாழ்வாதாரங்கள். இங்குத் திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் ஆடப்பட்ட ஆட்டங்களின் சொல்வளம் காச்சாச் சொற்களை அளக்க நல்லதோர் அளவுகோல்.

ஒரு சுற்று விளையாட்டையோ விளையாடும் குழுவையோ 'ஆட்டை' என்பது இப்பகுதியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கும் சொல். ஊர்ப்பெயரோடு அதற்குள்ள ஒலி ஒப்புமை சொற்பிறப்புச் சான்று ஆகாது. சொல்லின் வழக்கே இங்குக் கருதத்தக்கது. 'ஆட்டைக்குச் சேர்த்துக்கொள்ளுதல்' என்பது உரிமை வழங்குதல். 'ஆட்டையைக் கலைத்தல்' என்பது பொதுவிதியை முறித்தல். 'ஆட்டையைப் போடுதல்' என்பது பிறர் பொருளைக் கவர்தல். விளையாட்டு, உரிமை, முறைமை, திருட்டு ஆகிய நான்கையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. முறைகேடான ஆட்டத்துக்குப் 'போங்காட்டம்' என்றும் 'அழுகுணி ஆட்டம்' என்றும் தனிச் சொற்கள் உண்டு. விதியை ஒருவர் தமக்கேற்ப வளைக்கிறார் என்று குற்றஞ்சாட்ட ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல் இருந்தது. காச்சாச் சொற்கோவையில் ஆட்டக்காரரின் வாய்ப்பின்மையைக் குறிக்கச் சொற்கள் பல. ஆட்டத்தின் முறைகேட்டைக் குறிக்கும் சொல் அரிது.

'ஒப்புக்குச் சப்பாணி' என்பது மற்றொரு குறிப்பிடத்தக்க வழக்கு. உடற்குறையை இழித்துக் கூறும் சொல்லை உட்கொண்டது என்ற அளவில் இது கைவிடத்தக்கது. ஆயினும் அது குறிக்கும் நிலை கவனிக்கத்தக்கது. ஆட்டத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டு, ஆனால் வெற்றி தோல்விக் கணக்கிற் கொள்ளப்படாத சிறுவரை அது குறித்தது. பணம் செலுத்தாமல் ஆடுவோரைக் காச்சா வழக்கு 'எஃப் டூ பி' என்று சுருக்குகிறது. இவர் இலவசமாக ஆடுகிறார் என்பது சொல்லின் பொருள். உண்மையில் பணம் செலுத்துவோர் தம் அரிய மாந்தரைக் காட்டிப் பெருமைகொள்ள ஒரு கூட்டம் வேண்டும்; அக்கூட்டமாக இருப்பதே இவரது பங்கு. ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர் என்னும் பழைய கருத்து, இலவசம் என்னும் புதிய சொல்லைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது.

தாய ஆட்டத்திலும் வாய்ப்பே முதன்மை. புளியங்கொட்டையின் ஒருபக்கத்தைத் தரையில் உரைத்து வெண்மையாக்கி, உருட்டி எண்ணுவர். தாயம் விழாமல் காயைக் களத்தில் இறக்க முடியாது. நெடுநேரம் தாயம் விழாதவரைக் கண்டு பிறர் சிரிப்பதும் உண்டு. ஆனால் கொட்டையை உரைத்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார். ஐயமெனில் கொட்டையை வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். பாரதக் கதையின் சூதிலும் உருட்டியவனுக்குச் சகுனி என்று ஒரு பெயர் உண்டு. அவ்வினையே இன்றைய பேச்சுவழக்கில் பொய் கூறுதலையும் குறிக்கிறது: 'சும்மா உருட்டாதே', 'இது பெரிய உருட்டு'. ஆங்கில 'ரோல்' என்பதற்கு நேரான தமிழ்வினை, தமிழர் வாயில் தானாகவே ஐயத்தின் சாயலைப் பெற்றுவிட்டது.

சீட்டாட்டங்களில் மங்காத்தா முற்றும் வாய்ப்பைச் சார்ந்தது. ஒரு சீட்டைக் குறித்து, அது 'உள்ளே' விழுமா 'வெளியே' விழுமா என்று பந்தயம் வைப்பர். காச்சாவின் 'ஃபிஃப்டி ஃபிஃப்டி'க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. 'ஃபிஃப்டி ஃபிஃப்டி தோற்றேன்' என்பது நேர்மையான போட்டியில் தோற்றது போல் ஒலிக்கிறது. 'உள்ளே வெளியே வைத்தேன், வெளியே போய்விட்டது' என்று கூறிப் பார்த்தால் பேசுவது என்ன ஆட்டத்தைப் பற்றி என்பது வீட்டிலுள்ள பெரியவர் அனைவருக்கும் விளங்கும். ஒரு சொல் மாறியதும் மறைப்பு விலகுகிறது.

விழுதல் என்னும் வினை

ஆங்கிலத்தின் 'புல்', 'ரோல்' ஆகியவை ஆட்டக்காரரை எழுவாயாக்கும் செயப்படுபொருள் குன்றா வினைகள். ஜப்பானியமும் இழுத்தல் என்னும் வினையையே ஆள்கிறது. தமிழ் மரபில் வாய்ப்பைக் கூறும் வினை 'விழு'. தாயம் விழுகிறது, பரிசு விழுகிறது, சீட்டு விழுகிறது. பெறுபவர் எழுவாய் ஆவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு விழுந்தது' என நிற்கிறார். இழுத்தேன் என்பவர் தம் செயலால் ஒன்றைக் கொணர்ந்ததாக எண்ணுகிறார். மீண்டும் இழுத்தால் மீண்டும் வரக்கூடும் என்னும் நம்பிக்கை அவ்வினைக்குள் அடங்கியுள்ளது. விழுந்தது என்பவர் தம் கை அங்கு எதையும் செய்யவில்லை என்பதை இலக்கணத்தாலேயே ஒப்புக்கொள்கிறார். இவ்வகையில் தமிழ்வினை உண்மைக்கு நெருக்கமானது.

அதற்கும் ஒரு குறை உண்டு. விழுதல் மழை விழுவது போல், பழம் விழுவது போல், செய்பவரற்ற இயற்கை நிகழ்ச்சியாகத் தோன்றும். திரையிலுள்ள குலுக்கலோ ஒருவர் எழுதிய எண்ணின்படி நிகழ்வது. செய்பவரை ஆங்கிலம் ஆட்டக்காரராக மாற்றிக் காட்டுகிறது. தமிழ் அடியோடு நீக்கிவிடுகிறது.

இங்குத் தமிழ்நாட்டு அரசின் பரிசுச்சீட்டை நினைவுகூர்தல் தகும். அண்ணா முதலமைச்சராக இருந்த 1968இல் தொடங்கப்பெற்ற அத்திட்டம் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் முழக்கத்தால் அறியப்பட்டது. பல குடும்பங்களின் வருவாயைப் பரிசுச்சீட்டு விழுங்கியது என்பதும், 2003 சனவரியில் மாநிலத்தில் பரிசுச்சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது என்பதும் வரலாறு. அம்முழக்கம் விற்பனைத் தந்திரமே. எனினும் அதன் பிற்பாதி ஒரு வினாவுக்கு விடை கூறுகிறது: விழாவிட்டால் பணம் எங்கே போகிறது? காச்சாச் சொற்கோவையில் விழுந்ததற்கும் விழாததற்கும் சொற்கள் நிறைய உண்டு. விழாத பணம் சென்றடையும் இடத்துக்குச் சொல் இல்லை.

டாப் அப்பும் சட்டமும்

காச்சாவின் தூய வடிவங்களைவிடத் தமிழகச் சிற்றூர்களில் மிகுதியாகப் பரவியவை 'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' முதலிய சுடுவிளையாட்டுகள். முன்னது 2022 பிப்ரவரியிலும் பின்னது 2020 செப்டம்பரிலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. பின்னதன் இந்திய வடிவம் 2021இல் வெளிவந்தது. இவற்றின் அடிப்படை ஆட்டம் திறனைச் சார்ந்ததாயினும், உடை, துப்பாக்கித் தோற்றம் முதலியவற்றை வழங்கும் 'லக் ராயல்', 'கிரேட்' ஆகியவை காச்சா முறையின. இவற்றுக்குரிய பணமாற்று 'டாப் அப்'. இச்சொல்லின் வரலாறு கருதத்தக்கது. 2000களில் கைப்பேசிக் கடைகளில் பேச்சுநேரத்துக்குப் பணம் ஏற்றுவதே 'டாப் அப்'. அன்று அதைச் செய்த தலைமுறையினர் இன்று பெற்றோர். 'டாப் அப் போட்டேன்' என்று மகன் கூறும்போது பெற்றோர் கேட்பது தொலைபேசிச் செலவு. மகன் சொல்வது குலுக்கல் செலவு. இருவரும் ஒரே சொல்லைப் பேசுகின்றனர். பொருள் மட்டும் இடம்பெயர்ந்துவிட்டது. பழைய குழூஉக்குறி புதுச்சொல்லால் மறைத்தது. இது பழகிய சொல்லால் மறைக்கிறது.

பணம் நேரே குலுக்கலுக்குச் செல்வதும் இல்லை. கென்ஷினில் பணம் முதலில் ஒருவகைப் படிகமாகிறது; படிகம் மணிக்கல்லாகிறது; 160 மணிக்கல் ஒரு குலுக்கல் சீட்டாகிறது. ஆட்டையாம்பட்டிக் கடைத்தெருவில் முறுக்கு வாங்குபவர் கண்ட பொருளுக்குக் கையிலுள்ள ரூபாயைக் கொடுக்கிறார். இங்கு மூன்று மாற்றங்களுக்குப்பின் 'ஒருமுறை' என்பதன் ரூபாய் மதிப்பை மனக்கணக்காகக் கூறுவது எளிதன்று. 'பத்து புல் போட்டேன்' என்பவர் செலவைக் கூறுவதாகத் தோன்றும். ரூபாய் மட்டும் அத்தொடரில் இராது.

சட்டத்தின் சொற்களும் இங்குத் தடுமாறுகின்றன. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தையும், அதன் மீதான சென்னை உயர்நீதிமன்றத்தின் 2023 நவம்பர்த் தீர்ப்பையும் சூழ்ந்த வாதம் பெரிதும் 'திறன் விளையாட்டு', 'வாய்ப்பு விளையாட்டு' என்னும் இருமையிலேயே சுழன்றது. ரம்மியும் போக்கரும் எப்பக்கம் என்பதே வினா. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை முதன்மையாகக் குறிவைக்கிறது. காச்சாவில் ஆட்டம் திறன். ஆட்டக் கருவியைப் பெறுவது வாய்ப்பு. வைப்பது பணம், பெறுவது பணமாகத் திரும்பாத ஓவியம். இவ்விருமைகளின் இடுக்கில் அது நிற்கிறது.

பிறநாடுகள் வேறு சொல்லிலிருந்து தொடங்கின. சீனா 2017 மே முதலும், தென்கொரியா 2024 மார்ச் முதலும் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கின. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் பணம் பெறும் மறைபெட்டிகளைச் சூதாட்டம் என்றே கூறியது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் கென்ஷினை அந்நாட்டில் வெளியிடும் நிறுவனம் 2025 சனவரியில் 2 கோடி டாலர் செலுத்தவும், 16 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவின்றிக் குலுக்கல் பெட்டிகளை விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. இவை திறனா வாய்ப்பா என்று கேட்கவில்லை. வாங்குபவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று கேட்டன. வினாவின் மையம் ஆட்டத்திலிருந்து சொல்லுக்கு நகர்ந்தது.

அவ்வினாவுக்குத் தமிழ் நிலத்தில் நெடிய முன்வடிவம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயரெழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டன. முதியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டினார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்கும் நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது வரை விதி வகுக்கப்பட்டது. தேர்வு வாய்ப்புக்கு விடப்பட்டது. வாய்ப்பு நிகழும் முறை ஒருவர் விருப்பத்துக்கும் விடப்படவில்லை. குலுக்கலைப் பற்றிய தமிழ்ச் சிந்தனையில் நம்பிக்கை, எடுக்கும் கையின் ராசியில் வைக்கப்படவில்லை; வாங்கும் கையின் விரிவில் வைக்கப்பட்டது.

முடிவுரை

காச்சாச் சொற்களுக்குத் தமிழாக்கம் தேடுவோர் அகராதிப் பொருளை மட்டும் பின்பற்றினால் 'பிட்டி' என்பது இரக்கம் என்றோ பரிவு என்றோ ஆகும். அது மறைப்பையும் சேர்த்தே மொழிபெயர்ப்பதாகும். நில உச்சவரம்புச் சட்டத்தால் தமிழர் நன்கறிந்த 'உச்சவரம்பு' என்னும் சொல் அவ்விதி செய்வதைச் செவ்வனே கூறும். 'மென்பிட்டி' என்பதற்கு 'ஏறுவாய்ப்பு', 'ஃபிஃப்டி ஃபிஃப்டி' என்பதற்கு 'உள்ளே வெளியே', 'புல்' என்பதற்குக் 'குலுக்கல்' என்பன பொருந்தும். இச்சொற்கள் ஆட்டத்தைத் தடுக்கமாட்டா. தடுக்க வேண்டுமென்பதும் இங்குக் கூறப்படவில்லை. ஆடுவோர், அவர்தம் பெற்றோர், சட்டம் இயற்றுவோர் ஆகிய மூவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதற்கு அவை உதவும்.

கென்ஷினின் குலுக்கல் சீட்டுக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயர், ஊழ் என்னும் பொருளது. தமிழில் 'விதி' என்பது ஊழையும் குறிக்கும்; ஒருவர் வகுத்த சட்டத்தையும் குறிக்கும். 0.6 என்பதும் 90 என்பதும் இரண்டாம் பொருளில் விதிகள். எழுதியவர் உண்டு, மாற்றவும் முடியும். ஆட்டக்காரருக்கு அவை முதற்பொருளில் விதியாகத் தோன்றும்படி செய்வதே இச்சொற்கோவையின் பெரும்பணி. 'என் விதி' என்று ஓர் இளைஞர் திரையை மூடிவைக்கும்போது, அது யார் வகுத்த விதி என்று கேட்க அவருடைய தாய்மொழி அச்சொல்லுக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறது.